நிறக்குருடா? ஃபோட்டோஷாப்பில் எண்ணைப் பாருங்கள்

பச்சைக்கும் பழுப்புக்கும் வித்தியாசம் பிடிபடாதவருக்கு டிசைன் வேலை சரிப்படாது என்பார்கள். ஆனால் ஃபோட்டோஷாப்புக்கு எல்லா நிறமும் வெறும் எண்தான். அந்த எண்ணைப் படிக்கப் பழகிவிட்டால், சிவப்பு-பச்சைக் குறைபாடு உள்ளவரும் தைரியமாக நிறம் தேர்வு செய்யலாம்.

1. இன்ஃபோ பேனலைத் திறங்கள்
எஃப் 8 விசையை அழுத்துங்கள். பேனல் ஆப்ஷன்ஸில் முதல் அளவீட்டுக்கு ஆர்ஜிபி, இரண்டாவதற்கு எச்எஸ்பி தேர்ந்தெடுங்கள். ஐட்ராப்பரின் சாம்பிள் சைஸை 5 பை 5 ஆவரேஜ் ஆக்குங்கள். ஒற்றைப் பிக்சல் ஏமாற்றும்.

2. ஹியூ எண்களை மனப்பாடம் செய்யுங்கள்
0 சிவப்பு, 30 ஆரஞ்சு, 60 மஞ்சள், 120 பச்சை, 180 சயான், 240 நீலம், 300 மெஜந்தா. சிவப்பில் பிரைட்னஸ் இறங்கினால் அரக்கு. ஆரஞ்சில் இறங்கினால் பழுப்பு.

ஒரு சோதனை: ஆர்ஜிபியில் 110, 85, 30 என ஒரு கட்டம், பக்கத்தில் 75, 95, 30 என இன்னொன்று. உங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியலாம். கர்சரை மேலே கொண்டுபோனால் முதலாவதன் ஹியூ 41, அடுத்தது 78. முன்னது பழுப்பு, பின்னது பச்சை.

3. ஸ்வாட்சுக்குப் பெயர் வையுங்கள்
வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட நிறத்தை அவர் சொன்ன பெயரிலேயே சேமியுங்கள்: “அரக்கு 128-0-0”. அடுத்த முறை கலர் பிக்கரில் தேட வேண்டாம்.

4. படத்தின் நிறச்சாயலைத் திருத்துங்கள்
வெள்ளை வேட்டியின் நிழல் விழுந்த மடிப்பில் கர்சரை வையுங்கள். ஆர், ஜி, பி மூன்றும் ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். ஜி மட்டும் தூக்கலாக இருந்தால் படத்தில் பச்சை ஏறியிருக்கிறது. கர்வ்ஸில் உள்ள நடு ஐட்ராப்பரால் அதே இடத்தைச் சொடுக்கினால் சரியாகும்.

5. குழம்பாத நிறங்களை எடுங்கள்
வரைபடம், சார்ட் போன்றவற்றுக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒகாபேயும் இட்டோவும் தொகுத்த நிறத்தட்டு கைகொடுக்கும். அதில் சில: ஆரஞ்சு 230-159-0, வான்நீலம் 86-180-233, நீலம் 0-114-178, சிந்தூரச் சிவப்பு (வெர்மிலியன்) 213-94-0. இருந்தாலும் நிறத்தை மட்டும் நம்பாமல், கோட்டின் மேலேயே பெயரையும் எழுதிவிடுங்கள்.

6. வெளிச்ச வேறுபாட்டைச் சோதியுங்கள்
எல்லா லேயருக்கும் மேலே கறுப்பு சாலிட் கலர் லேயர் ஒன்றைப் போட்டு, பிளெண்ட் மோடை ‘கலர்’ ஆக்குங்கள். நிறம் போய் வெளிச்சம் மட்டும் மிஞ்சும். எழுத்து பின்னணியில் கரைந்தால் நிறத்தை மாற்றுங்கள். சிறிய எழுத்துக்கு வலைத்தள அணுகல் நெறிமுறை கேட்பது குறைந்தது 4.5:1 வேறுபாடு. வியூ மெனுவின் ப்ரூஃப் செட்டப்பில் நிறக்குருடுப் பார்வையைக் காட்டும் வசதியும் உண்டு. ஆனால் அது பிறருக்கு உங்கள் பார்வையைக் காட்டத்தான். உங்களுக்கு அதில் பெரிய மாற்றம் தெரியாமல் போகலாம்.

7. இன்னொருவரிடம் காட்டுங்கள்
அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃபைச் சக ஊழியரிடம் கொடுங்கள். “நல்லா இருக்கா?” என்றால் “சூப்பர்” என்றுதான் பதில் வரும். ஒவ்வொரு இடமாகத் தொட்டு, “இது என்ன கலர்?” என்று கேளுங்கள். அவர் சொல்வதும் ஸ்வாட்சின் பெயரும் பொருந்தினால் ஃபைலை அனுப்பலாம்.