முதிர்ந்த கொடியைத் தேடி வந்த வெளிநாட்டார்

ஸ்பெயின் நாட்டில் துவேரோ ஆற்றையொட்டிய ரிபேரா பகுதி, திராட்சை ஒயினுக்குப் பேர் போனது. கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 800 மீட்டர் உயரம். வசந்தகால உறைபனியில் துளிர் கருகுவதும் உண்டு. டென்மார்க்கில் பிறந்த பீட்டர் சிசெக் 1990-ல் ஒரு திராட்சைப் பண்ணையை நிர்வகிக்க இங்கு வந்தார். பரம்பரை நிலம் என்று ஏதும் கிடையாது.

உள்ளூர் விவசாயிகள் பலர் முதிர்ந்த கொடிகளைப் பிடுங்கி வந்தனர். பழத்திற்கு எடை பார்த்து விலை. முதிர்ந்த கொடியோ கொஞ்சமே காய்க்கும். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. சிசெக் லா ஓர்ரா என்னும் ஊரில் 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கொடிகளையே தேடிப் பிடித்தார். இவை பந்தலின்றிக் குத்துச்செடி போல் நிற்பவை. வேர் ஆழமாகச் செல்வதால் வறட்சியைத் தாங்கும். குலைகள் குறைவாதலால் பழத்தில் நிறமும் சாரமும் செறிந்திருக்கும்.

அப்பழத்தில் 1995-ல் 'பிங்குஸ்' என்ற ஒயினைச் சில ஆயிரம் புட்டிகளே தயாரித்தார். அமெரிக்காவுக்கு அனுப்பியதில் ஒரு பகுதி 1997-ல் கப்பலோடு மூழ்கிப் போயிற்று. எஞ்சியதன் விலை மேலும் ஏறியது!

சிறு விவசாயிக்கு இதில் என்ன பயன்? 2007 அறுவடை முதல் மற்றொரு ஒயினுக்காக, அக்கம்பக்கத்துச் சிறு தோட்டங்களின் முதிர்ந்த கொடிப் பழம் தரத்திற்கேற்ற விலையில் வாங்கப்படுகிறது. மண் பராமரிப்பில் ஆலோசனையும் கிடைக்கிறது. பிடுங்க நினைத்த கொடிகள் பல இன்றும் காய்த்து வருகின்றன.