வைக்கோலுக்கு யூரியா: அளவே காப்பு

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நம் கறவை மாடுகளுக்கு நெல் வைக்கோலே பெருந்தீவனம். அதில் புரதம் நூற்றுக்கு 4 பங்கே உண்டு. யூரியாவிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு, மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் புரதம் ஆக்கவல்லன. ஆயினும் யூரியாவைத் தனியே தின்றாலோ, கரைசலைக் குடித்தாலோ, அம்மோனியா நஞ்சேறி மாடு சில மணி நேரத்தில் மாளக்கூடும்.

ஆகவே நாம் கைக்கொள்ளத்தக்க முறை இதுவே: 100 கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவைத் தராசில் நிறுத்து, 65 லிட்டர் நீரில் முற்றும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்தல் வேண்டும். பின்னர் அன்றாடத் தேவைக்கு மட்டும் எடுத்து, நெடி நீங்க உலர்த்தி, சிறிது சிறிதாகப் பழக்குக. ஆறு மாதத்திற்கு உட்பட்ட கன்றுகளுக்கு இது ஆகாது. நடுக்கம், வாய்நுரை, வயிற்று உப்புசம் காணின் உடனே கால்நடை மருத்துவரை அழைத்திடுக.

ஊராட்சி உறுப்பினர்கள் இதனை ஊர்ப் பொதுவிடத்தில் ஒருமுறை செய்து காட்டுவாராயின், கண்ணளவில் கலக்கும் கேடு ஒழியும்.