பித்தளை ஏன் பிளக்கிறது?

பித்தளை துருப்பிடிக்காது என்பது நம் கிராமங்களில் நிலவும் நம்பிக்கை. இரும்பைப்போல அது செந்துருப் பிடிப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும், மழைக்காலம் முழுவதும் மாட்டுக் கொட்டிலில் கிடந்த தெளிகருவியை எடுத்துப் பார்க்கையில், அதன் பித்தளைக் குழாயில் மயிரிழைபோல ஒரு கீறலைச் சிலவேளை காண்கிறோம். எவரும் அதை அடிக்கவில்லை, வளைக்கவுமில்லை. அவ்வாறாயின் கீறல் எப்படி வந்தது?

ரவைக் கோது தந்த பாடம்

இதே கேள்வி பிரித்தானிய ஆட்சிக்கால இந்தியாவில் படையினருக்கும் எழுந்தது. மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த ரவைகளின் பித்தளைக் கோதுகள், சுடப்படாமலே பிளந்திருந்தன. 1921 இல் மூர், பெக்கின்சேல், மல்லின்சன் ஆகிய மூவர் இதன் காரணத்தை விளக்கினர். குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவே கோதுகளைத் தாக்கியது.

ரவைக் கோது 70 பங்கு செம்பும் 30 பங்கு நாகமும் சேர்ந்த பித்தளையால் ஆனது. அதனைச் சூடாக்காமல் இழுத்துக் கோதாக்கும்போது, உலோகத்தினுள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. ஈரக்காற்றிலுள்ள அமோனியா உலோக மணிகளின் இடைவெளிகளை அரிக்க, உள்ளே தங்கிய இழுவிசை அக்கீறலை விரிக்கிறது. இழுவிசை, ஈரம், அமோனியா மூன்றும் ஒன்றுசேரும்போதே இப்பிளவு உண்டாகிறது. செய்து முடித்த கோதை மிதமாகச் சூடாக்கினால் இழுவிசை தளரும், கோது தப்பும்.

நாம் செய்யக்கூடியவை

தொழிற்சாலையில் தங்கிய இழுவிசையை நாம் வீட்டில் நீக்க முடியாது. ஈரத்தையும் அமோனியாவையும் விலக்க முடியும்.

1. தெளிகருவியையும் பித்தளை வால்வுகளையும் மாட்டுக் கொட்டில், கோழிக்கூடு, பசளை மூடைகள் ஆகியவற்றுக்கு அருகில் வைக்கக் கூடாது.

2. வேலை முடிந்ததும் நல்ல நீரால் உள்ளும் புறமும் கழுவி, உலர்த்தி, வெளிப்புறத்தில் மெல்லியதாக எண்ணெய் பூசி வைக்க வேண்டும்.

3. பச்சைக் களிம்பை அகற்றப் புளியோ தேசிக்காயோ போதும். சில நிமிடங்கள் தேய்த்து, உடனே நன்றாகக் கழுவ வேண்டும். புளிப்பில் நீண்டநேரம் ஊறவிட்டால் உலோகமும் கரையும். அமோனியா கலந்த மினுக்கிகளைத் தவிர்ப்போம்.

4. துடைத்தபின் மஞ்சள் நிறம் மறைந்து செம்பு நிறத் திட்டுகள் தெரிந்தால், அவ்விடத்தில் நாகம் கரைந்து உலோகம் பலமிழந்திருக்கலாம். அப்பாகத்தை நம்பக் கூடாது.

மினுக்குவதால் கீறல் மறையலாம், மாறாது. கீறிய குழாயிலிருந்து கசியும் கிருமிநாசினி, தெளிப்பவரின் கையிலும் தோளிலும் படிந்து தோலினூடாக உடலுக்குள் செல்லும். குழாயின் விலையை எண்ணித் தயங்கும் குடும்பம், உழைப்பவரின் உடல்நலத்தையும் எண்ணிப் பார்க்கட்டும். அதை மாற்றியே ஆகவேண்டும்.

கலந்துரையாட: நம் தெளிகருவிகள் இன்று எங்கே கிடக்கின்றன? அவற்றுக்கென உலர்ந்த, காற்றோட்டமான, சிறுவருக்கு எட்டாத ஓர் இடத்தை நம் சங்கம் ஒழுங்கு செய்யலாமா?