எந்தத் தீ விதி நமக்குப் பொருந்தும்? திருத்தணியை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி போனவர்களுக்குத் தெரியும்: சரவணப் பொய்கையைச் சுற்றிப் பந்தல், அன்னதானக் கொட்டகை, கற்பூரக் கடை, இரண்டு பேர் தங்கும் விடுதி அறையில் ஒரு குடும்பம் முழுக்க. அந்த ஊரில் தீ என்றதும் யாருக்கும் அடுக்குமாடி நினைவுக்கு வராது. நம் விதிகளோ பெரும்பாலும் உயரத்தில்தான் தொடங்குகின்றன. ஒரு மாநிலம் எந்த மாதிரி விதியை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்ய மண்டபக்காரருக்கும் நகர்மன்ற உறுப்பினருக்கும் இந்தப் படிகள் உதவும்.

படி 1: காகிதங்களைப் பிரித்து வையுங்கள்

தீயணைப்பு மாநிலத்தின் பொறுப்பு. அரசியலமைப்பின் 12-ஆம் அட்டவணை அதை நகராட்சிப் பணிகளிலும் சேர்த்திருக்கிறது. மத்திய அரசு மாதிரி அனுப்பலாம்; சட்டமாக்க வேண்டியது சட்டமன்றம்.

மாதிரிகள் இரண்டு, இரண்டும் வேறு வேறு வேலைக்கானவை. 2019 செப்டம்பரில் உள்துறை அமைச்சகம் அனுப்பிய மாதிரிச் சட்ட முன்வடிவு, துறைக்கு என்ன அதிகாரம், யார் பொறுப்பு, கட்டணம் என்ன என்று பேசுகிறது. இந்திய தர நிர்ணய அமைவனத்தின் தேசிய கட்டட நெறித்தொகுப்பு (முதல் பதிப்பு 1970, பிறகு 1983, 2005, 2016) தன் நான்காம் பகுதியில் வாசல், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி வரை அளவு சொல்கிறது. ஆனால் அது பரிந்துரை மட்டுமே. மாநிலம் தன் விதியில் எழுதினால்தான் கட்டுப்படுத்தும். தமிழ்நாட்டில் இப்போது கையில் இருப்பவை 1985-ஆம் ஆண்டின் தீயணைப்புச் சட்டமும் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளும்.

அமெரிக்காவில் இந்தத் தேர்வு இரண்டு போட்டி அமைப்புகள் எழுதும் மாதிரி விதிகளுக்கு நடுவே நடக்கிறது. கலிபோர்னியா 2003-ல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து 2005-ல் மற்றதற்குத் தாவியது. நமக்கு அந்தச் சண்டை இல்லை. எதை எவ்வளவு எடுப்பது என்பதே நம் கேள்வி.

படி 2: நம் ஊரில் தீ எங்கே பிடித்தது என்று பாருங்கள்

1997 ஜூன் 7, தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கு: யாகசாலைப் பந்தலில் தீ, நெரிசல், 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம் கல்யாண மண்டபம்: மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் எரிந்தது, மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டோர். அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணம் பள்ளி: 94 குழந்தைகள். 2018 பிப்ரவரியில் மதுரை மீனாட்சி கோயில் வீரவசந்தராயர் மண்டபம் எரிந்தது. அதே மாதம் திருத்தணிக்குப் பக்கத்திலேயே, திருவாலங்காட்டுக் கோயிலின் தல விருட்சமான ஆலமரத்தில் தீப்பிடித்தது.

இந்தப் பட்டியலில் ஒரு வானுயரக் கட்டடம்கூட இல்லை. கீற்று, கூட்டம், குறுகிய வழி: இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன.

படி 3: விதி எதை அளக்கிறது?

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். தேசிய நெறித்தொகுப்பில் 15 மீட்டரும் அதற்கு மேலும் உயரமுள்ளது உயர்மாடி. தமிழ்நாட்டு விதியில் 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடி. ஆக, 17 மீட்டர் விடுதி ஒன்று ஒரு புத்தகத்தின்படி உயர்மாடி, இன்னொன்றின்படி இல்லை. ‘நெறித்தொகுப்பை ஏற்றுக்கொண்டோம்’ என்று அரசு சொல்லும்போது, திருத்தத்தோடா திருத்தமில்லாமலா என்று கேளுங்கள்.

உயரத்தை விட்டு ஆட்களை எண்ணும் விதியைப் பார்க்கத் தூரம் போக வேண்டாம், நகரி வரை போனால் போதும். ஆந்திராவின் 1999 தீயணைப்புச் சட்டம் பள்ளி, திரையரங்கு, விழா மண்டபம், வழிபாட்டிடம் போன்ற மக்கள் கூடும் கட்டடங்களைத் தனியாக எடுக்கிறது: மனை 500 சதுர மீட்டரைத் தாண்டினாலோ, உயரம் 6 மீட்டரை எட்டினாலோ கட்டும் முன்பே தடையின்மைச் சான்று. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவில்தான் இருந்தது. ம.பொ.சி. போராடி வாங்கிய ஊரைத் திருப்பித் தர வேண்டாம். அந்தப் பிரிவை மட்டும் வாங்கிக்கொள்ளலாம்.

படி 4: டேப்பை எடுத்து வாசலை அளந்து பாருங்கள்

விதி நல்லதா என்று தெரிந்துகொள்ள நிஜக் கட்டடம் ஒன்றில் போட்டுப் பாருங்கள். நெறித்தொகுப்பின் 2016 பதிப்புப்படி, கல்யாண மண்டபம் போன்ற இடத்தில் வெளியேறும் ஒருவருக்குப் படிக்கட்டில் 10 மில்லிமீட்டர், மட்டமான வாசலில் 6.5 மில்லிமீட்டர் அகலம். முகூர்த்த நாளில் மாடியில் 600 பேர் என்றால் எல்லாப் படிக்கட்டும் சேர்த்து 6 மீட்டர் வேண்டும். ஒன்றரை மீட்டர் படிக்கட்டு ஒன்றே ஒன்று இருந்தால் அது 150 பேருக்குத்தான். அந்தப் படியின் கீழே பந்தி நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தால் அந்தக் கணக்கும் போச்சு.

படி 5: பழைய சத்திரம், மூன்று நாள் பந்தல்

புதுக் கட்டடத்துக்கு விதி எழுதுவது சுலபம். கோயில் ஊரில் பாதிக் கட்டடம் விதிக்கு முன்பே கட்டியது. அதற்குக் கால அவகாசமும், இடிக்காமல் செய்யக்கூடிய மாற்றங்களின் பட்டியலும் (இரண்டாம் வழி, வெளிப்புறம் திறக்கும் கதவு, அவசர விளக்கு) விதியிலேயே இருக்க வேண்டும். கல் மண்டபத்தில் சுவரை உடைக்க முடியாது. அதனுள் இருக்கும் கடைகளை வெளியே வைக்க முடியும்.

பந்தலுக்கு ஐ.எஸ். 8758 என்ற தனித் தரநிலை உண்டு. டெல்லியின் 2007 தீயணைப்புச் சட்டம் பந்தல் போடுபவரையே பாதுகாப்புக்குப் பொறுப்பாக்குகிறது. இரண்டையும் சேர்த்து எழுதாத விதி திருத்தணிக்கு உதவாது.

படி 6: ஆண்டையும் ஆளையும் கேளுங்கள்

விதியில் ‘2016 பதிப்பு’ என்று மட்டும் எழுதினால் அடுத்த பதிப்பு வந்தாலும் பழையதே நடக்கும். ‘அவ்வப்போது திருத்தப்பட்டவாறு’ என்று எழுதினால், யாரோ திருத்தியதைச் சட்டமன்றம் பார்க்காமலே ஏற்றதாகிவிடும். பதிப்பைப் பெயர் சொல்லி எழுதி, புதுப் பதிப்பு வந்தால் இத்தனை மாதத்துக்குள் மாநிலம் முடிவு செய்ய வேண்டும் என்று கெடு வைப்பது மேல்.

அடுத்தது ஆள். தீயணைப்பு நிலையத்தில் வண்டியோடு ஓடுகிறவரே மண்டபச் சோதனைக்கும் போக வேண்டியிருந்தால் சோதனை தள்ளிப்போகும். மகாராஷ்டிரம் 2006 சட்டத்தில் உரிமம் பெற்ற தனியார் முகமைகளைக் கொண்டு வந்தது. எனக்கு அதில் அரை மனதுதான்: சான்று தருபவருக்குக் கூலி கொடுப்பவர் கட்டட உரிமையாளர். இங்கே எடுப்பதானால் ஆடிக் கிருத்திகைக்கும் டிசம்பர் 31 படி பூஜைக்கும் முன்பாவது துறை நேரில் பார்ப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். வரைவு விதி மக்கள் கருத்துக்கு வந்தால், உங்கள் மண்டபத்தின் வாசல் அளவையும் முகூர்த்த நாள் கூட்டத்தையும் எழுதி, அதோடு இந்தக் கோரிக்கையையும் சேர்த்து அனுப்புங்கள்.