பழைய போர்ஷே 944: பிளாக்கும் பெல்ட்டும்

1982-இல் விற்பனைக்கு வந்த போர்ஷே 944 காரின் 2.5 லிட்டர் எஞ்சின் பிளாக், அலுசில் என்னும் அலுமினிய-சிலிக்கன் கலவையாலானது. சிலிண்டருக்கு இரும்பு உறை கிடையாது. சிலிக்கன் படிகங்களே பிஸ்டனின் உராய்வைத் தாங்குகின்றன. எனவே பழைய பிளாக் வாங்குவோர் சிலிண்டர்ச் சுவரில் நகத்தை ஓட்டிப் பார்த்தல் வேண்டும். நகம் சிக்கும் கீறல் இருப்பின், விலை மலிவாயினும் விடுத்தலே நன்று. சாதாரணப் பட்டறையில் போர் செய்தால் போதாது; படிகங்கள் மேலெழுமாறு தனிமுறையில் மெருகிட வேண்டும்.

டைமிங் பெல்ட் அறுந்தால் என்னவாகும்? கேம் தண்டு நின்றுவிடும். கிராங்க் தண்டோ சுழன்றுகொண்டிருக்கும். மேலேறும் பிஸ்டன், திறந்து நிற்கும் வால்வை மோதி வளைத்துவிடும். தொடக்கக் கார்களில் பெல்ட்டின் இழுவிசையைக் கையால் அமைத்தனர். அளந்து பார்க்கத் தனிக் கருவி தேவை. 1987 மாடலில் சுருள்வில் டென்ஷனர் வந்தது. இதனைத் 'தானியங்கி' என்பர், பெயரளவில்தான்! திருகைத் தளர்த்தினால் வில் இழுவிசையை அமைக்கும். இறுக்கியபின் அதுவும் அசையாது. ஆதலின் புதுப் பெல்ட் சிறிது ஓடியபின், மறுபடி தளர்த்தி இறுக்க வேண்டியிருக்கிறது.