தடுமாறும் இயந்திரம்

களமசேரி நெரிசலில் நிற்கும் டீசல் மகிழுந்து ஒன்று விட்டுவிட்டு உறுமுகிறது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 800 முறை சீராகச் சுழல வேண்டிய இயந்திரம் ஏன் தடுமாறுகிறது?

முன்பு பம்பின் திருகைத் திருப்பிச் சரிசெய்தனர்; இன்று எரிபொருளின் அளவைக் கணினியே முடிவு செய்கிறது. எனவே, வடிகட்டியில் நீர் தேங்கியுள்ளதா, இ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்துள்ளதா எனப் பார்த்தபின் இன்ஜெக்டர்களை ஆராய்வர். அவற்றின் திரும்புகுழாய்களில் ஒத்த அளவுள்ள குப்பிகளைப் பொருத்தி இயந்திரத்தை ஓடவிட்டால், கசியும் இன்ஜெக்டரின் குப்பி முதலில் நிறையும். எளிய சோதனைதான், நான்கையும் மாற்றும் வீண்செலவைத் தவிர்க்கும்.

பழைய பழக்கத்தில், ஓடும்போது உயரழுத்தக் குழாயின் மரையைத் தளர்த்தலாகாது. அங்கு வளிமண்டலத்தைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்தில் உள்ள டீசல் தோலைத் துளைத்து உட்புகும்.

பயிற்சி
1. குப்பிச் சோதனை எதைக் காட்டும்?
2. ‘திரும்புகுழாய்’ – இலக்கணக்குறிப்பு எழுதுக.