பாலைநிலத்து முற்ற மாளிகைகள்: இல்லறத்தார்க்கு ஒரு பயணப் பாடம்

வடநாட்டு யாத்திரை என்றதும் நம் குடும்பத்தார் சம்மேதசிகரம், பாவாபுரி, கிர்நார் முதலிய தலங்களையே முதலில் நினைக்கின்றனர். அது முறையே. இராஜஸ்தான் மாநிலத்திற்குச் செல்வோரும் ஆபுமலையின் தில்வாராக் கோயில்களையும் இராணக்பூரையும் தரிசித்துத் திரும்பிவிடுகின்றனர். அவற்றிற்கும் வடக்கே, தார்ப் பாலைநிலத்திலும் அதன் விளிம்பிலும், வணிகப் பெருமக்கள் கட்டிய முற்ற மாளிகைகள் நூற்றுக்கணக்கில் நிற்கின்றன. அவற்றை 'ஹவேலி' என்பர். அவற்றுள் புகழ்பெற்ற சில, ஜைன இல்லறத்தார் எழுப்பியவை.

விடுமுறையில் பிள்ளைகளுடன் அங்குச் சென்றுவர விரும்பும் குடும்பங்களுக்காக இப்பாடத்தை எழுதுகிறோம். கட்டட அழகை மட்டும் கருதிச் சென்றால், மூன்றாம் நாளே ஒரு மாளிகைக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு தெரியாமற் போகும். ஆகவே ஒரு சிறு முறையைக் கைக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஒவ்வோர் ஊரிலும், செல்வர் தமக்கெனக் கட்டிய மாளிகை ஒன்றையும், பிறர்க்கெனச் செய்த கொடை ஒன்றையும் சேர்த்தே காண வேண்டும். இவ்விரண்டில் எது இன்றும் உயிரோடிருக்கிறது என்று பிள்ளைகளே கண்டு சொல்லட்டும்.

மாளிகையின் அமைப்பு

ஹவேலியின் அமைப்பு நமக்கு முற்றிலும் புதிதன்று. திண்ணை, ரேழி, முற்றம், கூடம் என்னும் நம் பழைய தொட்டிக்கட்டு வீடுகளை அறிந்தவர்க்கு அது எளிதில் விளங்கும். உயர்ந்த மேடையைக் கடந்து, ஆணிகள் அறைந்த பெருங்கதவின் வழியே நுழைந்தால் முதல் முற்றம். அதன் ஒருபுறம் 'பைட்டக்' என்னும் அறை. வணிகர் மெத்தை விரித்தமர்ந்து கணக்குப் பார்த்ததும் வாடிக்கையாளரைக் கண்டதும் இங்கேதான். அடுத்து, நேர்ப்பார்வை செல்லாதவாறு திரும்பிச் செல்லும் ஒரு வழி. அதற்கப்பால் பெண்டிரும் பிள்ளைகளும் வாழ்ந்த உள்முற்றம். சமையலறை, பண்டக அறை, படுக்கை அறைகள் யாவும் அம்முற்றத்தை நோக்கியே திறக்கும்.

இவ்வமைப்புக்கு வெயிலும் ஒரு காரணம். சுவர்கள் தடித்தவை, வெளிப்புறச் சன்னல்கள் சிறியவை. இரவில் குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கித் தங்கும்; பகலில் நெடுநேரம் அறைகளைக் குளிர்விக்கும். மாடத்தின் கல்வலைச் சாளரம் காற்றை விடும், கதிரைத் தடுக்கும். தெருக்களைக் குறுகலாக அமைத்ததும் நிழல் கருதியே. ஒரு மாளிகையினுள் நண்பகலில் கால்மணி நேரம் அமர்ந்திருந்தால் இவ்வுண்மையை உடலே உணரும்.

செல்வம் வந்த வழி

ஜெய்ப்பூருக்கு வடக்கே ஜுன்ஜுனு, சீகர் மாவட்டங்களையும் அவற்றை அடுத்த சூரு பகுதியையும் சேர்த்துச் சேகாவதி என்பர். குஜராத் துறைமுகங்களுக்கும் வட இந்திய நகரங்களுக்கும் இடையே சென்ற ஒட்டக வணிகம் இப்பகுதியைக் கடந்தது. பிற்காலத்தில் பம்பாய், கல்கத்தாத் துறைமுகங்களும் புகைவண்டியும் அவ்வணிகத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டன. வணிகர் ஊரை விட்டுக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் சென்றனர். அங்கே ஈட்டிய பொருளைச் சொந்த ஊருக்கு அனுப்பி மாளிகை கட்டினர். 1930கள் வரை இது தொடர்ந்தது.

இங்கே நாம் நின்று எண்ண வேண்டும். பொருள் ஈட்டியவர் கல்கத்தாவில் இருந்தார். மாளிகை சேகாவதியில் உயர்ந்தது. வாழ்வதற்கு ஆள் குறைந்த காலத்திலேயே வீடு பெரிதாயிற்று. திருமணத்திற்கும் திருவிழாவிற்கும் வந்தவர்கள், பின்னர் அதற்கும் வரவில்லை. பூட்டிய கதவும் ஒரு காவலாளியும் எஞ்சினர்.

பயண நாட்களின் திட்டம்

ஒன்பது அல்லது பத்து நாட்கள் போதும். சென்னையிலிருந்து ஜெய்ப்பூருக்கு இரயிலில் ஏறத்தாழ ஒன்றரை நாள் ஆகும். மதுரையிலிருந்து சென்னை வழியாகப் பிகானேர் செல்லும் வாராந்தர வண்டியும் உண்டு. அதன் பெயர் 'அனுவ்ரத்'. ஆசாரிய துளசி 1949ஆம் ஆண்டு தொடங்கிய அணுவிரத இயக்கத்தின் பெயரை அது தாங்கியுள்ளது. ஜெய்ப்பூரில் இறங்கிச் சேகாவதி, பிகானேர், ஜெய்சல்மேர், ஓசியா, ஜோத்பூர் என்ற வரிசையில் சென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

முதல் மூன்று நாட்கள் சேகாவதிக்கு. ஜெய்ப்பூரிலிருந்து நவல்கட் சுமார் 140 கிலோமீட்டர். அங்கே 1902இல் கட்டப்பெற்ற போத்தார் ஹவேலி இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. சுவர் முழுதும் ஓவியம். ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டுவதால் வண்ணம் பூச்சோடு இறுகிவிடுகிறது. காவி, அவுரி நீலம், விளக்குக் கரி ஆகியவை பழைய வண்ணங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மனியிலிருந்து வேதியியல் வண்ணங்கள் வந்தன. பழைய சுவர்களில் புராணக் காட்சிகளும், பிற்காலச் சுவர்களில் புகைவண்டி, மோட்டார் வண்டி, கிராமபோன் ஆகியவையும் இடம்பெறுவதைப் பிள்ளைகள் ஆர்வத்துடன் எண்ணுவர். மண்டாவா, ஃபதேபூர், இராம்கட் ஆகிய ஊர்களும் இவ்வழியிலேயே உள்ளன.

சூருவில் ஓசுவால் ஜைனர்களாகிய சுராணாக் குடும்பத்தாரின் மாளிகை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கதவு சன்னல்களால் பெயர் பெற்றது. அதைக் கண்டபின் ஊருக்கு வெளியே உள்ள 'சேட்டாணி கா ஜோஹரா' என்னும் நீர்த்தேக்கத்திற்குக் கட்டாயம் செல்ல வேண்டும். விக்கிரம ஆண்டு 1956இல், அதாவது 1899இல், வந்த கொடிய பஞ்சத்தை இராஜஸ்தான் மக்கள் இன்றும் 'சப்பனியா' என்று நினைவுகூர்கின்றனர். அப்பஞ்சத்தின்போது பகவான்தாஸ் பாக்லா என்னும் வணிகரின் கைம்பெண் இதனை வெட்டுவித்தார். பசித்தவர்க்கு வேலையும் கூலியும் கிடைத்தன. ஊருக்கு நீர் கிடைத்தது. 'செட்டியாரம்மாள் குளம்' என்று நம் மொழியில் சொல்லலாம். ஆயிரம் சன்னலையும் இக்குளத்தையும் ஒரே நாளில் காண்பதே நாம் சொன்ன முறையின் பயன்.

நான்காம் ஐந்தாம் நாட்கள் பிகானேருக்கு. சூருவிலிருந்து ஏறத்தாழ 180 கிலோமீட்டர். 1488இல் இராவ் பீகா நிறுவிய இந்நகரில், துல்மேராச் செங்கல்லால் இழைத்த இராம்பூரியா மாளிகைகள் ஒரு தெருவையே நிறைத்து நிற்கின்றன. செங்கல் என்றது சுட்ட செங்கலையன்று, சிவந்த மணற்கல்லை. இவற்றைக் கட்டியவர்களும் ஓசுவால் ஜைனரே. இதற்கு இணையாகக் காண வேண்டியவை இரண்டு. ஒன்று, பண்டாசா என்னும் வணிகர் ஐந்தாம் தீர்த்தங்கரர் சுமதிநாதருக்கு எடுப்பித்த பண்டாசர் கோயில். நீர் அரிய ஊராதலின் அடித்தளத்திற்கு நெய்யைக் கலந்தனர் என்பது செவிவழிக் கதை. அதைக் கதையாகவே கொள்க. மற்றொன்று, அகர்சந்த் நாஹட்டா வளர்த்த அபய ஜைன நூலகம். வணிகக் குடும்பத்தில் பிறந்த அவர் தம் வாழ்நாளைச் சுவடி திரட்டுவதிலும் ஆராய்வதிலும் செலவிட்டார்.

ஆறாம் நாள் ஜெய்சல்மேர். பிகானேரிலிருந்து சுமார் 330 கிலோமீட்டர். பகல் முழுதும் இதற்கே ஆகும். அடுத்த இரு நாட்களும் இங்கேயே தங்குக. 1156இல் இராவல் ஜைசல் நிறுவிய இந்நகரின் கோட்டை, 2013இல் இராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக்கோட்டைகளுடன் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கோட்டைக்குள் இன்றும் மக்கள் வாழ்கின்றனர்.

பட்வா மாளிகைகள் ஐந்து. பாஃப்னாக் குலத்து ஜைனராகிய குமான்சந்த் பட்வா, தம் புதல்வர் ஐவருக்கென 1805இல் இவற்றைத் தொடங்கினார். முடிய அரை நூற்றாண்டு ஆயிற்று. மஞ்சள் மணற்கல்லில் மரவேலையினும் நுண்ணிய செதுக்கு வேலை. சாந்து இன்றிக் கல்லோடு கல்லைப் பொருத்தி இரும்புப் பற்றுகளால் இணைக்கும் முறையை இந்நகரின் கட்டடங்களில் காணலாம். பின்னர் ஒட்டக வணிகம் நலிந்தது. 1947இல் நாடு பிரிந்தபோது சிந்து நாட்டு வழியும் அடைபட்டது. ஐந்து புதல்வருக்கென எழுந்த மாளிகைகள் இன்று காட்சிக்கூடங்களாக உள்ளன. அருகில் நத்மல் மாளிகையும் உண்டு. 1885இல் முடிந்த அதன் இரு பக்கங்களையும் ஹாத்தி, லாலு என்னும் உடன்பிறந்த சிற்பிகள் இருவர் தனித்தனியே செதுக்கினர். இரு பக்கமும் ஒன்றுபோல் தோன்றும். உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

கோட்டைக்குள் ஏழு ஜினாலயங்கள் நெருங்கி நிற்கின்றன. சம்பவநாதர் கோயிலின் கீழே, 15ஆம் நூற்றாண்டில் ஜினபத்திரசூரி அமைத்த ஞானபண்டாரம் உள்ளது. 1060ஆம் ஆண்டில் எழுதப்பெற்ற ஓகநிர்யுக்தி என்னும் பனையோலைச் சுவடி இந்நகரில் காக்கப்பட்டதே. பௌத்த ஆசிரியர் சாந்தரட்சிதரின் தத்துவசங்கிரகத்தையும் ஜெய்சல்மேர்ச் சுவடிகள் காத்துத் தந்தன. தம் கொள்கையை மறுக்கும் நூலையும் அழியவிடாது ஓலை மாற்றி எழுதிக் காத்தவர் ஜைன இல்லறத்தாரும் முனிவரும். நூற்கொடையின் பெருமை நமக்குப் புதிதன்று. 1887இல் உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க, குடந்தைச் சமணர்கள் பொருள் விளக்கித் துணைநின்றதை நம் பிள்ளைகளுக்கு இவ்விடத்தில் சொல்வது பொருத்தம்.

மறுநாள் அமர்சாகரத்தில் பட்வாக் குடும்பத்தார் 19ஆம் நூற்றாண்டில் எடுப்பித்த கோயிலையும், பழைய தலைநகராகிய லோத்ருவாவில் பார்சுவநாதர் கோயிலையும் தரிசிக்கலாம். மாலையில் கடீசர் ஏரி. நெடுங்காலம் நகர் முழுவதும் இந்நீரையே பருகியது. ஒன்பதாம் நாள் ஜோத்பூர் செல்லும்போது ஓசியாவில் இறங்கி, 8ஆம் நூற்றாண்டு மகாவீரர் கோயிலைக் காண்க. ஓசுவால் குலத்தார் தம் பெயருக்கு மூலமென்று போற்றும் ஊர் இதுவே. ஜோத்பூரை ஒட்டிய பகத்-கி-கோட்டி நிலையத்திலிருந்து தமிழகத்திற்கு நேர் வண்டிகள் உண்டு. புறப்படும் நாட்களை முன்னரே அறிந்து பதிவு செய்க.

கருத்தில் கொள்ள வேண்டியவை

நவம்பர் முதல் பிப்ரவரி வரை உகந்த காலம். சூருவில் 2024ஆம் ஆண்டு மே மாதம் வெப்பம் 50.5 பாகையை எட்டியது. குளிர்கால இரவுகளிலோ வெப்பநிலை சுழியத்தை நெருங்கும். கம்பளி உடை கட்டாயம்.

டிசம்பரில் ஜெய்சல்மேரில் காலை ஏழு மணிக்குப் பின்னரே கதிரவன் எழுகிறான். மாலை ஆறு மணிக்குள் மறைகிறான். இரவுண்ணாமை காப்பவர்கள் நெடுந்தொலைவு செல்லும் நாட்களில் மாலை உணவைக் கையோடு எடுத்துச் செல்க. ஜைன தருமசாலைகளில் கிழங்கு, வெங்காயம், பூண்டு நீங்கிய உணவு கிடைக்கும். முன்னதாகவே தெரிவிப்பது நலம். கேர், சாங்கரி என்னும் பாலைநிலக் காயும் நெற்றும் உலர்த்தி வைத்துச் சமைக்கப்படுவன, சுவைத்துப் பார்க்கலாம்.

அங்குள்ள கோயில்கள் பெரும்பாலும் சுவேதாம்பர மரபினர். திருமேனிகளில் அணிகளும் பதித்த கண்களும் இருப்பதைப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே விளக்குக. பிற வழிபாட்டினர் முறையை மதித்து, தோல் பொருள்களை வெளியே வைத்துச் செல்க. கடைவீதியில் ஒட்டகத்தோல் பைகளும் செருப்புகளும் ஏராளம். வாங்கும் முன் எதனால் ஆனது என்று கேட்பது நம் கடமை.

ஜெய்சல்மேரில் கோட்டைக்கு வெளியே தங்குக. கோட்டைக்குள் பயன்படும் நீர் கசிந்து அடித்தளத்தை நலிவிக்கிறது என்று பாதுகாப்பாளர் பல்லாண்டாக எச்சரித்து வருகின்றனர். திசைவிரதம் ஏற்றவர்கள் தம் எல்லையை நோக்கித் திட்டத்தைச் சுருக்கிக்கொள்க.

நாம் பெறும் பாடம்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. பொருள் ஈட்டக் கூடாது என்று அது சொல்லவில்லை. தனக்குப் போதும் என்ற அளவை ஒருவன் தானே வகுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அளவுக்கு மேற்பட்டது உணவாக, மருந்தாக, நூலாக, அடைக்கலமாகப் பிறரிடம் செல்லும். பிலானியில் பிர்லாக் குடும்பத்துச் சிவநாராயணர் 1901இல் தம் பேரப்பிள்ளைகளுக்கென ஒரு சிறு பாடசாலை தொடங்கினார். அது ஊராருக்கும் உரியதாகி வளர்ந்து, 1964இல் பெரிய தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாயிற்று. பேரர்களுக்காகக் கட்டிய வீடுகள் பூட்டிக் கிடக்க, பேரர்களுக்காகத் தொடங்கிய பள்ளி ஆயிரக்கணக்கானவர்க்குப் பயன்படுகிறது.

மாளிகை கட்டியவரை நாம் குறை கூறவில்லை. அவர்கள் கலைஞர்க்கு வாழ்வளித்தனர். நமக்கு அழகைத் தந்தனர். ஆயினும் வந்தவாசி, திண்டிவனம், ஆரணி வட்டாரங்களில் நம் தெருக்களிலும் பூட்டிய வீடுகள் பெருகிவரும் இந்நாளில், அவர்கள் வரலாறு நமக்கு அயலார் வரலாறு அன்று. நகரில் ஈட்டும் பொருளில் ஊருக்கென எதை விட்டுச் செல்லப்போகிறோம் என்னும் வினாவோடு இப்பயணத்தை மேற்கொள்க.

பிள்ளைகள் சிந்திக்க

1. நீங்கள் கண்ட மாளிகைகளுள் இன்றும் குடும்பம் வாழ்வது எது? கொடைகளுள் இன்றும் பயன்படுவது எது?

2. மாற்றாரின் நூலையும் ஞானபண்டாரத்தில் காத்தது ஏன்?

3. நம் ஊர்க் கோயில், குளம், சுவடி ஆகியவற்றுள் உங்கள் முன்னோர் செய்த கொடை எது? அதன் இன்றைய நிலை என்ன? பெரியோரிடம் கேட்டு எழுதுக.